குரலைக் காக்கும் கலை

மனிதன் பெற்ற செல்வங்களுள் குரல் தனிச் சிறப்புடையது. ஒருவருடைய முகத்தைக் காணாவிடினும், அவர் குரலைக் கேட்ட அளவிலே இன்னார் என்று நாம் அறிந்துகொள்கிறோம். அழுகின்ற குழந்தை தாயின் குரல் கேட்டதும் அழுகை ஓய்கிறது. இத்துணைச் சிறப்பு வாய்ந்த குரல் நிலையற்றது. வாயினின்றும் எழுந்த ஒலி காற்றிற் கலந்து நொடிப்பொழுதில் மறைந்துவிடும். ஏட்டில் எழுதி வைத்தால் சொல் நிற்கும். சொன்னவரின் குரல் நிற்பதில்லை.

இவ்வுண்மையை உணரத் தூத்துக்குடிக் கடற்கரையையே சான்றாகக் கொள்ளலாம். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரனார், 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்நகரத்துக் கோரல் ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காக முழங்கினார். அம்முழக்கத்தைப் பற்றி நாம் நூல்களிற் படிக்கிறோம். அதன் ஓசையைக் கேட்கும் பேறு நமக்கு இல்லை. எட்டயபுரத்தில் 1882-ஆம் ஆண்டு பிறந்த பாரதியார் தம் பாடல்களைத் தாமே உணர்ச்சி பொங்கப் பாடிக் காட்டுவார் என்று அவரோடு பழகியோர் எழுதியுள்ளனர். 1921-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபொழுது அக்குரலும் மறைந்தது. செங்கோட்டையிற் பிறந்த இசை நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவோ 1933-ஆம் ஆண்டில், முப்பது வயது நிரம்பும் முன்னரே காலமானார். எனினும், அவர் பாட்டு இசைத்தட்டுகளிற் பதிவாகி இருந்தமையால், அவருடைய குரலை நாம் இன்றும் கேட்டு மகிழ்கிறோம். மூவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களே. ஒருவர் குரல் மட்டும் நம்மை வந்தடைந்ததற்குக் காரணம் பதிவு ஒன்றேயாகும்.

ஒலியைப் பதியும் கருவியை அமெரிக்க நாட்டு அறிஞர் எடிசன் 1877-ஆம் ஆண்டில் அமைத்தார். உருளையின்மேல் சுற்றிய மெல்லிய வெள்ளீயத் தாளில், ஓர் ஊசி ஒலியின் அதிர்வுக்கேற்பக் கோடு கீறிச் சென்றது. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் இசைத்தட்டிற் பதிவாயிற்று. அக்காலத்தில் மின்சாரத்தின் துணை இல்லை. பாடுவோர் ஊதுகொம்பு போன்ற ஒரு பெரிய குழலுக்குள் உரத்துப் பாடவேண்டும். மெல்லப் பாடினால் ஊசி அசையாது. 1925-ஆம் ஆண்டுக்குப் பின்னரே மின்சார ஒலிவாங்கியின் வழியே பதியும் முறை பரவியது. அதன்பின் மெல்லிய குரலுக்கும் பதிவில் இடம் கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் காந்த நாடா வந்தது. ஆயினும், பதிவுக்கூடம் என்பது பெரும்பொருள் உடையோர்க்கே உரியதாக நெடுங்காலம் இருந்தது.

அந்நிலை படிப்படியாக மாறியது. 1989-ஆம் ஆண்டில் ஏ. ஆர். ரகுமான் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்திலேயே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்னும் சிறிய பதிவுக்கூடத்தை நிறுவினார். 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரோஜா' என்னும் திரைப்படத்தின் இசை அங்கே உருப்பெற்று, நாடெங்கும் ஒலித்தது. இந்நாளில் ஒரு கணிப்பொறியும், ஓர் ஒலிவாங்கியும், அமைதியான ஓர் அறையும் இருந்தால் எந்த வீட்டிலும் குரலைப் பதியலாம். கைப்பேசியும் ஓரளவுக்கு அப்பணியைச் செய்கிறது.

இவ்வசதியால் கடற்கரை மக்களுக்கு ஆகும் நன்மை யாது என்று கேட்கலாம். கொற்கை முத்தின் புகழ் சங்க காலம் தொட்டே உலகறிந்தது. 'பார்' எனப்படும் சிப்பிப் படுகைகளில், கல்லின் பளுவால் கயிறு பற்றி மூழ்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி வாரி வருவது இக்கரையோர் தொழிலாக இருந்தது. 1955-ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. அதன்பின் அத்தகைய முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் நிகழவில்லை. அன்று இருபது வயது இளைஞராய்க் கடலில் மூழ்கியவர் இன்று எண்பது வயதைக் கடந்தவர். ஆழத்தில் அவர் கண்டதும், கயிற்றை அசைத்துக் காட்டிய குறிப்பும், தோணியில் அவர் கேட்ட பாட்டும் அவர் நினைவில் மட்டுமே உள்ளன. அவருக்குப்பின் அவற்றை அவர் குரலில் நாம் கேட்க இயலாது.

முத்துக்குளிப்பு நடைபெற்ற நாட்களில், சுறா மீன்களின் வாயைக் கட்டுபவர் என்று நம்பப்பட்ட 'கடல்கட்டி' ஒருவரும் உடனிருந்தார். அத்தகையோரைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ குறித்து வைத்தார். கடல்கட்டி எத்தகைய ஓசையில் மந்திரம் ஓதினார் என்பதை எந்த ஏடும் நமக்குச் சொல்லாது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டும் இத்தகையதே. ஒருவர் முன்னே எடுத்துக் கொடுக்க, மற்றவர் ஏலேலோ என்று ஏற்று இழுப்பர். விசைப்படகுகள் பெருகிய பின்னர் அப்பாட்டு அருகி வருகிறது. பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து அச்சேற்றியதால் அவற்றின் சொற்கள் பிழைத்தன. ஆனால், பாடியவர் எவ்விடத்தில் மூச்சு வாங்கினார், எச்சொல்லை நீட்டினார், கயிறு கனத்தபொழுது குரல் எவ்வாறு உயர்ந்தது என்பனவற்றை அச்செழுத்து காட்டாது. அவற்றைக் காக்க வல்லது ஒலிப்பதிவே. ஆதலின், அதன் முறையை அறிவது பொழுதுபோக்கு மட்டுமன்று. ஒரு கடமையும் ஆகும்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. அவ்வதிர்வு ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டில் மோதும்பொழுது மின்னோட்டமாக மாறுகிறது. கணிப்பொறி அம்மின்னோட்டத்தை ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதி வைக்கிறது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரை உணரும். ஓர் அதிர்வைச் சரியாகக் குறிக்க அதைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளக்கவேண்டும். ஆதலின் அவ்வெண்ணிக்கை கொள்ளப்பட்டது. பின்னர் அந்த எண்களே மீண்டும் மின்னோட்டமாகி, ஒலிபெருக்கியை அசைத்துக் குரலாக வெளிப்படுகின்றன.

பதிவின் தரத்திற்குக் கருவியின் விலையைவிட அறையின் அமைதியே முதன்மையானது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் குரல், நூறில் ஒரு நொடிக்குச் சற்று மிகுதியான நேரத்தில் ஒலிவாங்கியை மறுமுறை அடையும். நம் செவி இரண்டையும் பிரித்தறியாது. குரல் குடத்துக்குள் பேசியது போல் ஒலிக்கும். அறையின் நடுவே நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஓசை கணீரென்று நீண்டால் அவ்வறை பதிவுக்கு ஏற்றதன்று. துணிகள் நிறைந்த அலமாரியும், மெத்தையும், புத்தகங்களும் உள்ள அறை நன்று. பாடுபவரின் முதுகுக்குப் பின்னே கனத்த ஜமக்காளத்தையோ பஞ்சுப் போர்வையையோ சுவரினின்றும் சிறிது தள்ளித் தொங்கவிடுதல் வேண்டும். ஒலிவாங்கி அவர் முகத்தை நோக்கி இருப்பதால், அப்பக்கத்துச் சுவரின் எதிரொலியே மிகுதியாக வந்து சேரும். முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரில் ஒட்டுவோர் உளர். அவை உயர்ந்த ஒலியை மட்டும் சிறிது தணிக்கும்; தாழ்ந்த ஒலியைத் தடுக்கமாட்டா.

கடற்கரை வீட்டிற்குத் தனி இடர்கள் உண்டு. மின்விசிறியின் ஓசையைப் பொத்தானை அழுத்தி நிறுத்தலாம். துறைமுகத்துக் கப்பலின் ஊதொலி ஒலித்தால் அது ஓயும்வரை காத்திருக்கலாம். கடலிரைச்சல் அத்தகையதன்று. அது தாழ்ந்த அதிர்வு முதல் உயர்ந்த அதிர்வு வரை பரந்து, குரலோடு பிணைந்து நிற்கும். பின்னர் அதனைக் கணிப்பொறியால் நீக்க முயன்றால் குரலின் ஒரு கூறும் அதனுடன் நீங்கிவிடும். ஆதலால், கடலை நோக்கிய சன்னலை அடைத்து, வீட்டின் உள்ளறையைத் தேர்ந்துகொள்ளல் நலம். கடற்காற்று வலுப்பதற்கு முந்திய காலை நேரமும், தெரு அடங்கிய இரவும் ஏற்ற பொழுதுகள். உப்புக்காற்றும் ஈரமும் கருவிகளை அரிக்கும். எனவே, வேலை முடிந்ததும் ஒலிவாங்கியைத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடி வைத்தல் வேண்டும்.

ஒலிவாங்கிகள் பலவகைப்படும். காந்தத்தின் இடையே கம்பிச்சுருள் அசைவதால் இயங்குவது ஒரு வகை; இரு மெல்லிய தகடுகளின் இடைவெளி மாறுவதால் இயங்குவது மற்றொரு வகை. இரண்டாம் வகை மிக நுண்ணியது. குரலின் மென்மையோடு, அடுத்த வீட்டுப் பேச்சையும் வாங்கிக்கொள்ளும். அமைதி குறைந்த வீட்டுக்கு முதல் வகையே பொருந்தும். எதுவாயினும், வாய்க்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரு சாண் இடைவெளி இருக்கவேண்டும். மிக நெருங்கினால் குரலில் தாழ்ந்த ஒலி மிகுந்து கனத்துவிடும். மிக விலகினால் அறையின் ஓசை மேலோங்கும். உள்ளங்கையை வாய்க்கு முன்னே வைத்துக்கொண்டு 'பாட்டு' என்று அழுத்திச் சொல்லுங்கள். பகரம் பிறக்கும்பொழுது காற்று கையில் மோதுவதை உணர்வீர்கள். அக்காற்று ஒலிவாங்கியில் மோதினால் 'டப்' என்ற ஓசை பதியும். பூத்தையல் வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி இடையே வைத்தால் அக்குறை நீங்கும்.

பதிவின் அளவிலும் கருத்து வேண்டும். கணிப்பொறி எழுதும் எண்களுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. குரல் அதனை மீறினால் அலையின் முகடு வெட்டுண்டு, ஒலி கரகரக்கும். அதனைப் பின்னர் முற்றும் சீர்செய்தல் அரிது. ஆகையால், பாடுபவரை முதலில் உரத்த பகுதியைப் பாடச் சொல்லி, அதன் உச்சம் வரம்பிற்கு ஏறத்தாழ 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்துக்கொள்ளல் வேண்டும். பாட்டுத் தொடங்கும் முன் அரை நிமிடம் எவரும் பேசாமல் அறையின் அமைதியைப் பதிந்துகொள்வதும் நல்ல வழக்கம். பின்னர் வெட்டி இணைக்கும் இடங்களை மறைக்க அது உதவும்.

பதிந்த குரலைச் செப்பம் செய்வது அடுத்த பணி. முத்து வணிகர் முத்துக்களைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளிற் சலித்து அளவு பிரித்தனர், துளையிட்டுக் கோத்தனர். ஆனால், முத்தின் ஒளியை அவர்கள் உண்டாக்கவில்லை. அது சிப்பி தந்தது. குரலுக்கு மெருகு ஏற்றுவோரும் இந்த எல்லையை மனத்திற் கொள்ளவேண்டும். ஒரே பாட்டை இரண்டு மூன்று முறை பதிந்து, அவற்றுள் உயிர்ப்புள்ளதைத் தேர்வது முதற்செயல். நொடிக்கு 80 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட ஒலியில் தெருவிற் செல்லும் லாரியின் உறுமல் போன்றவையே பெரிதும் இருக்கும். அதனை நீக்கினால் குரல் தெளியும். உரத்த இடத்தைத் தணித்து, மெல்லிய இடத்தை உயர்த்திச் சமன்செய்யும் கருவியும் உண்டு. அளவோடு கையாண்டால் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். அளவு மீறினால், வலையின் கனத்திற்கேற்ப ஏறியும் இறங்கியும் வரும் அம்பாப் பாட்டு மேடுபள்ளம் இன்றித் தட்டையாகிவிடும். மூச்சு வாங்கும் ஒலியையெல்லாம் வெட்டி எறிதலும் தகாது. மூச்சின்றிப் பாடும் குரல் மனிதக் குரலாகத் தோன்றாது.

சுருதியைத் திருத்தும் கருவியைப் பற்றியும் அறிதல் வேண்டும். பூமிக்குள் செலுத்திய அதிர்வு அலைகளை ஆராய்ந்து எண்ணெய் வளம் காணும் துறையில் பணியாற்றிய ஆண்டி ஹில்டெபிராண்டு என்பவர், அக்கணக்கியல் அறிவைக் குரலுக்குப் பயன்படுத்தி, 1997-ஆம் ஆண்டில் 'ஆட்டோ டியூன்' என்னும் செயலியை வெளியிட்டார். பிசகிய சுரத்தை அருகிலுள்ள சரியான சுரத்திற்கு அது இழுத்து நிறுத்தும். ஆனால், நம் இசையில் சுரங்கள் ஓரிடத்தில் அசையாமல் நிற்பன அல்ல. தோடி இராகத்தின் காந்தாரம் அசைந்து அசைந்து ஒலிப்பதே அதன் அழகு. அதனைக் கமகம் என்பர். பன்னிரண்டு படிகளை மட்டும் அறிந்த பொறிக்குக் கமகமும் பிழையாகவே தோன்றும். அதன் கையில் குரலை முழுதும் ஒப்படைத்தால், குற்றத்தோடு குணமும் போய்விடும். முதிய மீனவரின் நடுங்கும் குரலில் அந்நடுக்கமும் அவர் வாழ்வின் ஒரு பகுதியே. அதனை இளமைக் குரலாக்குதல் பொய் கூறுவதை ஒக்கும். பாடியவரை நன்கு அறிந்தோர் பதிவைக் கேட்டு, 'இது அவர் குரலே' என்று சொல்லவேண்டும். செப்பம் அவ்வெல்லையோடு நின்றுவிடுதல் வேண்டும்.

இறுதியாக, பதிவைப் பேணும் முறையைக் காண்போம். எவருடைய குரலைப் பதிவதாயினும் முன்னரே அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். அதனை யார் யார் கேட்பர் என்பதையும் அவருக்குச் சொல்லுதல் வேண்டும். தொடக்கத்தில் அவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்தல் நன்று. பதிந்தபடியே உள்ள மூலத்தைத் தொடாமல் வைத்து, படியெடுத்ததன்மேலேயே செப்பம் செய்தல் வேண்டும். பின்வருவோர்க்கு நம்மினும் நல்ல கருவிகள் கிடைக்கலாம். மூலம் இருந்தால்தான் அவை பயன்படும். படிகள் மூன்று இருத்தலும், அவற்றுள் ஒன்று வேற்றூரில் இருத்தலும் நலம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது; தூத்துக்குடி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் வெள்ளம் புகுந்தது. ஒரே பெட்டியில் வைத்த பொருளுக்கு அத்தகைய நாளில் காப்பு ஏது?

மாணவர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ கடலோடு வாழ்ந்து முதிர்ந்த தாத்தாவோ ஆச்சியோ இருப்பர். காற்றுகளின் பெயரும், மீன்களின் பெயரும், தாலாட்டும், தொழிற்பாட்டும் அவர்கள் நாவில் உள்ளன. அவர்களை அணுகி, பணிவோடு கேட்டு, அமைதியான அறையில் அமர்த்திப் பதிந்து வையுங்கள். விலையுயர்ந்த கருவி கிடைக்கட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. கருவி அடுத்த ஆண்டும் கடையிற் கிடைக்கும். அக்குரல் அடுத்த ஆண்டு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

பயிற்சி

1. பாரதியாரின் குரலைக் கேட்க இயலாத நாம், கிட்டப்பாவின் குரலைக் கேட்கக் காரணம் யாது?
2. முத்துக்குளித்தோரின் குரலை விரைந்து பதியவேண்டும் என்று ஆசிரியர் கூறுவது ஏன்?
3. கடலிரைச்சலைப் பின்னர் நீக்குதல் அரிது என்பதை விளக்குக.
4. குரலைச் செப்பம் செய்வதில் கொள்ளவேண்டிய எல்லை யாது? முத்து வணிகரின் செயலோடு ஒப்பிட்டு எழுதுக.
5. உங்கள் ஊரிலுள்ள முதியவர் ஒருவரின் பாட்டையோ பேச்சையோ அவர் இசைவு பெற்றுப் பதிந்து, அதைப்பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.